ஒரு கிலோ லேப்டாப்பும் ஒரு கோடு ரேஞ்சும்

என்னுடைய பழைய லேப்டாப்புக்கு எங்கள் வீட்டில் அம்மி என்று பெயர். "அம்மிய எடுத்தாச்சா?" என்று கேட்ட பிறகுதான் என் வீட்டுக்காரர் ஸ்கூட்டரைக் கிளப்புவார். எட்டு வருஷம் அதை வலது தோளில் தொங்கவிட்டுக்கொண்டு தக்கலை, பூதப்பாண்டி, குலசேகரம் என்று பத்திரப் பதிவு அலுவலகங்களில் ஏறி இறங்கினேன். ஒன்பதாவது வருஷம் தோள் வேலைநிறுத்தம் செய்தது. கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னத்தச் சுமக்கீங்க? அரிசி மூட்டையா?" என்றார். லேப்டாப் என்றேன். அவர் நம்பவில்லை. இரண்டு கிலோவுக்கு மேல் தோளில் ஏற்றக் கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்து அனுப்பினார்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தப் பொம்பளை எதற்கு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றினாள் என்று தோன்றும். எங்கள் மாவட்டம் ஒரு காலத்தில் திருவிதாங்கூரோடு இருந்தது. அந்தக் காலத்துப் பத்திரங்கள் மலையாளத்தில் கிடக்கின்றன. தாத்தா எழுதி வைத்த பத்திரத்தைப் பேரன் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நிற்பான். வங்கிக்காரனுக்கோ அதைப் படிக்காமல் ஒரு கோப்பும் நகராது. நடுவில் நான். பழைய மலையாளக் கையெழுத்தைப் படித்துத் தமிழில் எழுதிக் கொடுப்பேன். இருபத்தைந்து வருஷம் ஒரு ஆதாரம் எழுத்துகாரரிடம், அதாவது பத்திரம் எழுதுகிறவரிடம், இருந்து செய்தேன். நான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார், வந்தவர்கள் அவரைக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அவர் கடையை மூடிய பிறகு சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் என்னைத் தேடி வந்தது. வங்கிகளுக்காகப் பழைய பத்திரங்களைச் சரிபார்த்துக் கொடுப்பவர்கள். அதன் மேனேஜருக்கு என் மகன் வயது இருக்கும். போனில்தான் பழக்கம். "எங்க சாஃப்ட்வேரே பாதி வேலைய முடிச்சிடும் மேம். நீங்க பாத்து ஓகே பண்ணா போதும்" என்றான். மூன்று மாதம் சோதனை. ஒரு பிழையும் பதிவாகாவிட்டால் என் பெயரிலேயே ஒரு வருஷ ஒப்பந்தம். ஒரே ஒரு பிழை பதிவானாலும் மொத்த வேலையும் சாஃப்ட்வேருக்குப் போய்விடும். ஐம்பத்து நான்கு வயதில் முதன்முறையாக என் பெயர் போட்டு வரப் போகிற கடிதம் அது. எனக்கு அது வேண்டும். அப்படி ஒரு ஆசை எனக்கு வரும் என்று எனக்கே தெரியாது.

அந்தச் சாஃப்ட்வேர் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். முதல் வாரமே, ஒரு பத்திரத்தில் 'ஒன்றரை ஏக்கர் விளை' என்று இருந்ததை 'ஒன்றரை ஏக்கரின் விலை' என்று ஆக்கி வைத்திருந்தது. விளை என்றால் எங்கள் பக்கத்தில் தோட்டம். தென்னையோ ரப்பரோ நிற்கிற மேட்டு நிலம். இந்த மாவட்டத்தில் பாதி ஊர்களின் பெயரே விளையில்தான் முடிகிறது. நான் ஒன்றரைப் பக்கம் விளக்கம் எழுதி அனுப்பினேன். ஊர்ச்சொல் தெரியாதவர்கள் ஊர்ப் பத்திரத்தைத் தொடக் கூடாது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். "செம மேம்" என்று பதில் வந்தது. ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை. வீட்டுக்காரரிடம் அந்தச் சாஃப்ட்வேரைக் களியாக்கிக் களியாக்கி, கிண்டலடித்து, "சவத்த விடுட்டி, அது ஒனக்கு என்ன செஞ்சுது?" என்று அவரே சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. அந்த ஒன்றரைப் பக்கத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது என் தலையிலேயே வந்து விழும்.

தோள் போன பிறகு மெலிந்த லேப்டாப் தேட ஆரம்பித்தேன். எங்கள் ஊரில் ஒரு சாமான் வாங்கப் போகிறேன் என்று வெளியே சொன்னால் போச்சு. மஸ்கட்டில் இருக்கும் கொழுந்தன் போன் செய்து, "மைனி, அங்க வாங்காதீங்க, நான் வரும்போ கொண்டு வாறேன்" என்றார். எப்போது வருவீர்கள் என்று கேட்டால் அடுத்த ஓணத்துக்கு என்றார். வீட்டுக்காரர் தன் பங்குக்கு, லேசாக இருக்கும் சாமான் எதுவும் உழைக்காது என்றார். அவர் செருப்பு வாங்கினாலும் கையில் தூக்கிக் கனம் பார்த்துத்தான் வாங்குவார்.

நாகர்கோவிலில் கண்ணாடி போட்ட பெரிய கடை. உள்ளே ஏசியில் பல் கிடுகிடுத்தது. விற்பனையாளர் ஒருவர் வந்தார். கழுத்தில் பட்டை, வாயில் மதுரைத் தமிழ். என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். மகளுக்கு வாங்க வந்த அம்மா என்று முடிவு செய்துகொண்டது முகத்திலேயே தெரிந்தது.

"எந்த ரேஞ்சுல பாக்குறீங்கம்மா?"

"பூதப்பாண்டியில கிட்டணும். திற்பரப்புல கிட்டணும். அந்த ரேஞ்சு போதும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் விலையைக் கேட்டிருக்கிறார். நான் சிக்னலைச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் போனுக்கு வரும் சிக்னலை ரேஞ்சு என்றுதான் சொல்வோம், மலையாளக்காரர்கள் சொல்வது போல. மதுரைக்காரர்கள் டவர் என்பார்களாம். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று சிரித்தார். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. மதுரைக்காரருக்குத் தமிழ் போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

"மகளுக்கு என்ன படிப்பும்மா?" என்று அடுத்த கேள்வி.

"எனக்காக்கும்."

"உங்களுக்கா? சீரியல் பாக்கவா?"

அந்த இடத்தில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அம்மி கையில் இருந்திருந்தால் நடந்திருப்பதே வேறு. பதிவேட்டில் கையெழுத்து மங்கிப்போன பக்கங்களைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டும், வீடியோவில் பேச வேண்டும், பஸ்ஸில் போகும்போது பையில் இருப்பதே தெரியக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது. உடனே 'அம்மா' போய் 'மேடம்' ஆனேன். அப்பளம் போல ஒன்றைக் கொண்டு வந்து இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "தொள்ளாயிரத்துத் தொண்ணூறு கிராம் மேடம். ஒரு கிலோகூட இல்ல."

என்னைப் போன்றவர்களிடம் கிராம் கணக்குச் சொல்லும்போது ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பத்திரத்தில் ஒரு சென்ட் குறைந்தால் மூன்று தலைமுறைக்குச் சண்டை நடக்கிற ஊர் இது. வாங்கிக்கொண்டு நேரே எங்கள் தெருமுனை ரப்பர் ஷீட் கடைக்குப் போனேன். விளைகளில் பாலெடுத்து உறைய வைத்துக் காயப்போட்ட ரப்பர் ஷீட்டை அங்கேதான் எடை போட்டு எடுப்பார்கள். பத்மநாபபுரம் அரண்மனையைப் பார்க்க வந்த டூரிஸ்ட் வண்டி ஒன்று வழி கேட்டு நின்றது. அவர்களும் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள். கடைக்காரர் லேப்டாப்பை வாங்கித் தராசில் வைத்தார். முள் நின்றது. ஒரு நிமிஷம் யோசித்தார்.

"எண்ணூத்தி எம்பது" என்றார்.

"முள்ளு ஒரு கிலோவுல நிக்கே?"

"அது பின்ன, ஈரம் கழிக்கணும்லா?"

நாற்பது வருஷமாக ரப்பர் ஷீட் எடையில் ஈரத்தைக் கழித்துக் கழித்து அவருக்குக் கை அப்படியே பழகிவிட்டது. லேப்டாப்பில் ஈரம் இல்லை ஓய் என்று நான் சொன்ன பிறகும், "பொறத்த தொட்டா குளுந்துல்லா இருக்கு" என்றார். அது கடை ஏசியிலிருந்து வந்த குளிர்ச்சி. கூட்டம் முழுக்கச் சிரித்தது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்த அப்பளத்துக்கு ஓட்டை இல்லை. பென் டிரைவ் செருகும் இடமே கிடையாது. பக்கத்தில் மூக்குத்தி போடுகிற அளவுக்கு இரண்டு துளை, அவ்வளவுதான். பதிவு அலுவலகத்தில் பென் டிரைவில்தான் நகல் தருவார்கள். கடைக்குப் போன் செய்தேன். அதற்குத் தனியாக ஒரு இணைப்புக் கட்டை வாங்க வேண்டும் என்றார். வாங்கினேன். பெரிய திரையில் போட்டுக் காட்டும் வயரைச் செருக வேறொரு கட்டை. வெறும் விரலால் தடவிக் கை வலித்ததால் மவுஸ். பேட்டரி நாள் முழுக்க நிற்கும் என்றார்கள், வீடியோ போட்டால் மத்தியானம் தாண்டவில்லை. ஆகவே சார்ஜர் கூடவே வர வேண்டும். அந்தச் சார்ஜர் ஒரு செங்கல். எல்லாவற்றையும் பையில் போட்டு மறுபடி ரப்பர் கடைக்குப் போனேன். ஈரம் கழிக்காமல் சொல்லும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இரண்டு கிலோ நூற்றைம்பது. டாக்டர் எழுதியதற்கு மேலே நூற்றைம்பது கிராம்.

"பழச கொண்டுட்டே போயிருக்கலாம்லாட்டி" என்றார் வீட்டுக்காரர். அன்றைக்கு அவருக்கு ராத்திரிச் சோறு பழைய குழம்போடுதான்.

அடுத்தது இணையம். போகிற இடமெல்லாம் நெட் வேண்டும் என்பது மேனேஜரின் கட்டளை. பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வீடியோவில் வங்கிக்காரருக்கு நேரடியாகப் படித்துக் காட்ட வேண்டிய நாட்கள் உண்டு. எந்த சிம் வாங்கலாம் என்று கேட்டால் எங்கள் ஊரில் ஆளுக்கொரு சாட்சி சொல்வார்கள். ஒரு கம்பெனிக்குத் தக்கலையில் ரேஞ்சு உண்டு, பூதப்பாண்டியில் மலை மறைக்கும். இன்னொன்றுக்குப் பூதப்பாண்டியில் கோயில் வாசல் தவிர எல்லா இடத்திலும் கிட்டும். எனக்குக் கோயில் வாசலில்தான் பஸ். மூன்றாவது ஒன்று மேற்கே போகப் போகக் கேரளத்து டவரைப் பிடித்துக்கொண்டு, சொந்த மாவட்டத்தில் நிற்கிறவளைக் கேரளத்துக்கு வருக வருக என்று வரவேற்கும். கடைசியில் சட்டைப்பையில் வைக்கிற ஒரு சின்ன வைஃபை பெட்டி வாங்கி, இரண்டு கம்பெனி சிம்மும் கையில் வைத்துக்கொண்டேன். பெட்டிக்கு ஒரு சார்ஜர். எடை போடப் போகவில்லை. தைரியம் இல்லை.

இரண்டரை மாதம் ஒரு பிழையும் இல்லாமல் ஓடியது. கடைசிப் பத்திரம் திற்பரப்புப் பக்கம். அருவிக்குப் போகிற பாதையிலிருந்து பிரிந்து, ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கிப் போக வேண்டிய பள்ளத்தில் ஒரு வீடு. வீட்டுக்காரி ரப்பர் வெட்டுகிறவள், மரத்தைக் கீறிப் பாலெடுக்கிற வேலை. நாற்பது வயது இருக்கும். கூரை ஒரு பக்கம் இறங்கி, நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழைக்கு முன்னால் கூரையை மாற்ற வங்கியில் கேட்டிருந்தாள். நிலம் அவள் தாத்தா பெயரில் மலையாளத்தில் இருந்தது. அசலை யாரிடமும் கொடுத்துவிட மாட்டேன் என்று அவள் நின்றதால், நான் அங்கேயே போய், ஐதராபாத்தில் உட்கார்ந்திருக்கும் வங்கி அதிகாரிக்குப் பதினோரு மணிக்கு வீடியோவில் படித்துக் காட்ட வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் தமிழில் படிப்பதையும் எழுதும் செய்திகளையும் எங்கள் சாஃப்ட்வேர் இங்கிலீஷாக்கி அவருக்குக் காட்டும்.

போய்ச் சேர்ந்தது பத்தரைக்கு. அப்பளத்தைத் திறந்தேன். வைஃபை பெட்டியைத் திறந்தேன். ஒரு கோடுகூட இல்லை. சிம்மை மாற்றினேன். இல்லை. முற்றத்தில் நின்றேன், கிணற்றுப் பக்கம் போனேன், கல்மேல் ஏறிக் கையைத் தூக்கிப் பிடித்தேன். தூக்கக் கூடாத கை. அவள் அடுக்களை வாசலில் நின்று, "எக்கா, ஒரு கட்டன் சாயா போடட்டா?" என்று கேட்டாள். எனக்கு வந்த பதற்றத்திலும் வெப்ராளத்திலும், "பொறும்மா, வேலை கெடக்கு" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன்.

வழியில் ரப்பர் பால் வாளியோடு வந்த ஒருவரிடம், ரேஞ்சு எங்கே கிட்டும் என்று கேட்டேன்.

"மேல ரேஞ்சு ஆபீஸ் முன்னால நின்னா ரேஞ்சு கிட்டும்" என்றார்.

ரேஞ்சு ஆபீஸ் என்றால் வனச்சரகர் அலுவலகம். பாதி வழியில் ஒரு கோடு வந்தது. அது போவதற்குள் மேனேஜருக்கும் அதிகாரிக்கும் போகும்படி அவசரமாகப் போனில் தட்டினேன்: 'இந்த விளையில் ரேஞ்ச் இல்லை. ரேஞ்ச் ஆபீஸில் கிடைக்கும் என்கிறார்கள். அங்கே போகிறேன்.' செய்தி போனது, கோடு போய்விட்டது. மேலே ரேஞ்சு ஆபீஸ் முன்னால் ஒரு பலாமரத்தடியில் நின்று பார்த்தேன். படம் வந்தால் குரல் வரவில்லை, குரல் வந்தால் படம் உறைந்தது. அதிகாரி பாதி வாயைத் திறந்தபடி பத்து நிமிஷம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்று இருபது ஆயிற்று. ஒப்பந்தம் போச்சு என்று நினைத்தேன். வாய்விட்டு அழவில்லை, அவ்வளவுதான்.

திரும்பி இறங்கி வந்தபோது அவள் அதே வாசலில் நின்றாள்.

"எங்கக்கா போனீங்க?"

"ரேஞ்சு பிடிக்க. ஒங்க வீட்டுல ஒரு சொட்டு ரேஞ்சு கெடையாதே."

"போனுக்குக் கிட்டாதுக்கா. அதுக்குத்தானே உள்ள கேபிள் வைஃபை போட்டிருக்கு. மக ஆன்லைன்ல ஜெர்மன் படிக்கால்லா, நர்சு வேலைக்கு. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

நான் கேட்கவில்லை. தார்ப்பாயைப் பார்த்தேன், ரப்பர் வெட்டுகிற கத்தியைப் பார்த்தேன், முடிவு செய்துவிட்டேன். நாகர்கோவில் கடையில் என்னைப் பார்த்து மதுரைக்காரர் செய்த முடிவும் இதே வகைதான். அவரைத் திட்டிய வாயோடு அவள் அடுக்களையில் போய் உட்கார்ந்தேன். மரச்சீனிக் கிழங்கு அவிந்துகொண்டிருந்தது. வைஃபை அப்படி ஓடியது, எங்கள் தக்கலையில்கூட நான் அந்த வேகத்தைப் பார்த்ததில்லை.

அதிகாரி திரையில் வந்தார். வரி வரியாகப் படித்தேன். நாலு எல்லை, மர எண்ணிக்கை, தாத்தாவின் கைநாட்டு, எல்லாம் சுத்தம். ஒரு தடங்கலும் இல்லாத பத்திரம். கடைசியில் அவர் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். ரேஞ்ச் ஆபீஸில் கிடைத்ததா என்று. என்ன நல்ல மனுஷன், என் கஷ்டத்தை விசாரிக்கிறாரே என்று எனக்கு மனசு உருகிவிட்டது. "கொஞ்சம்தான் கிடைத்தது சார், முழுசாக இல்லை" என்று இங்கிலீஷில் சொன்னேன். அவர் தலையாட்டி எதையோ எழுதிக்கொண்டார். கட்டன் சாயா குடித்தேன், கிழங்கு தின்றேன், பஸ் பிடித்து வந்தேன்.

மறுநாள் மேனேஜர் போன் செய்தான். குரலில் சர்க்கரை.

"மேம், சான்ஸே இல்ல. பேங்க்ல உங்களப் பத்திதான் பேச்சு. அந்த லேண்ட்ல ஃபாரஸ்ட் பிரச்சன இருக்குன்னு யாருமே கண்டுபிடிக்கல. நீங்க ஸ்பாட்டுக்குப் போயி, ரேஞ்ச் ஆபீஸ் வரைக்கும் போயி விசாரிச்சிருக்கீங்க. ஃபைல நிறுத்திட்டாங்க. வனத்துறை சான்று வந்தாதான் இனி நகரும். உங்க கான்ட்ராக்ட் லெட்டர் ரெடி ஆவுது."

கையில் போனோடு நின்றேன். என் செய்தியை அந்தச் சாஃப்ட்வேர் எப்படி மாற்றியிருக்கும் என்று மனசுக்குள் ஓடியது. இந்தத் தோட்டத்துக்கு வனச்சரகச் சான்று இல்லை. சரக அலுவலகத்தில் பெறலாம் என்கிறார்கள். அதற்கு மேல் நானே என் வாயால் சொன்னது: கொஞ்சம்தான் கிடைத்தது, முழுசாக இல்லை. விளையை மட்டும் இந்தத் தடவை சரியாகத் தோட்டம் என்று போட்டிருக்கும். நான் கற்றுக் கொடுத்ததாயிற்றே.

"மேம், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன்.

நாலு நாள் உண்மையைச் சொல்லவில்லை. இதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதினால் நான் எழுதுகிறது பொய். சார்ஜரை எங்கேயோ மறந்து வைத்துவிட்டேன், லேப்டாப் செத்துக் கிடக்கிறது, எப்படிக் கடிதம் எழுதுவது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையில் போன் இருந்தது. போனில் தட்டியதுதானே இந்த எளவு எல்லாம். தட்டவில்லை. ஒப்பந்தக் கடிதம் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், வனத்துறை சான்று தானாக வந்துவிடும், அவளுக்கு ஒன்றிரண்டு மாதம் பிந்தும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். எடவப்பாதி என்றைக்குத் தொடங்கும் என்று காலண்டரைப் பார்க்காமல் நடந்தேன்.

ஐந்தாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"எக்கா, ஒங்க சாதனம் ஒண்ணு எங்க அடுக்களையில கெடக்கு. கறுத்த பெட்டி, வயரு சுத்துனது. நல்ல கனம். அன்னைக்கே வச்சிட்டுப் போயிட்டீங்க. தேடியிருப்பீங்களே."

கோப்பு நின்றது அவளுக்குத் தெரியவே தெரியாது. நான் லேப்டாப்போடு போனபோது முற்றத்தில் புதுக் கூரைக்கு மரம் அறுத்து அடுக்கியிருந்தது. பேங்குக்காரர்கள் இந்த வாரம் கூப்பிடுவார்கள் என்று சொன்னாள். "நீங்க அன்னைக்கு எவ்வளவு தெளிவா வாசிச்சீங்க! எங்க தாத்தா பேரக் கேட்டப்போ எனக்கு அழுகை வந்துதுக்கா" என்றாள். வானம் மேற்கே கறுத்துக் கிடந்தது.

சார்ஜரை அவள் அடுக்களையிலேயே செருகினேன். லேப்டாப் உயிர் வந்தது. அவள் வைஃபையில், அவள் கிழங்கு நறுக்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வங்கிக்கும் நிறுவனத்துக்கும் எழுதினேன். எங்கள் பக்கத்தில் ரேஞ்ச் என்றால் செல்போன் சிக்னல். நான் எழுதியதும் அதைத்தான். நிலத்துக்கும் வனத்துக்கும் சம்பந்தமில்லை, பத்திரம் சுத்தமானது. பிழை மொழிபெயர்ப்பாளரான என்னுடையது. கடைசி வரியைத் தட்ட மட்டும் நேரம் ஆயிற்று. ஒன்றரைப் பக்கம் பாடம் எடுத்த கை அது.

"யாருக்குக்கா எழுதுகீங்க?" என்றாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நாலு நாள் சும்மா இருந்ததையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "சார்ஜருக்காக நான் பிந்தி விளிச்சிருந்தா?" என்று மட்டும் கேட்டாள். சாயா போடட்டா என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை.

கோப்பு நகர்ந்தது. மழை முந்திக்கொண்டது. பத்து நாள் அந்த வீட்டில் பாத்திரம் வைத்துத்தான் படுத்திருக்கிறார்கள். அதன் பிறகு கூரை ஏறியது. படம் எதுவும் அவள் அனுப்பவில்லை, பதிவு அலுவலகத்துக்கு வந்த அவள் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரியும்.

நிறுவனத்திலிருந்து எனக்குப் பதில் வந்த அன்று நான் பூதப்பாண்டியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். தோளில் இரண்டு கிலோ நூற்றைம்பது, வைஃபை பெட்டியின் கனம் தனி. மேனேஜர் பயல் தமிழிலேயே எழுதியிருந்தான். 'உங்க நேர்மைய மதிக்கிறோம் மேம். பிழை ரெக்கார்ட் ஆயிடுச்சு. இனி சாஃப்ட்வேரே பாத்துக்கும். எங்க க்ளையன்ட் ரேஞ்சுக்கு நீங்க செட் ஆக மாட்டீங்க.'

சவம், அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மறுபடி ஒரு தடவை படித்தேன். நின்றது கோயில் வாசல். மூன்று மாதமாக ஒரு கோடுகூடக் கிட்டாத இடம். அன்றைக்கு நாலு கோடும் நிறைந்து நின்றது.